பனியை நிறுத்துப் பார்த்த இலத்தீன் பேராசிரியர்

இரணைமடுவின் கீழ் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்று முடிவெடுக்கும் கூட்டங்களுக்குச் செய்தி சேகரிக்கப் போகும்போது எனக்கு ஜேம்ஸ் எட்வர்ட் சேர்ச்சின் நினைவு வரும். பனி விழாத வன்னியில் பனி அளந்தவரை நினைப்பது வேடிக்கைதான்.

1869இல் அமெரிக்காவின் மிச்சிகனில் பிறந்தவர். 1892இல் நெவாடா பல்கலைக்கழகத்துக்கு இலத்தீன் படிப்பிக்க வந்தார். 1895இல் கடுங்குளிரில் ரோஸ் மலையில் ஏறினார். அதோடு பனி அவரைப் பிடித்துக்கொண்டது. நீண்ட உலோகக் குழாயைப் பனிக்குள் இறக்கி, உள்ளே சிக்கியதை நிறுத்து, உருகினால் எவ்வளவு தண்ணீர் என்று கணக்கிட்டார்.

அப்போது தாகோ ஏரி நீருக்காகக் கரையில் இருந்தவர்களுக்கும் கீழே நீர் எடுத்தவர்களுக்கும் பிணக்கு. இரணைமடு நீர் யாழ்ப்பாணத்துக்குப் போவதா என்ற நமது இழுபறியைப் போலத்தான். ஏரி எவ்வளவு உயரும் என்று சேர்ச் முன்கூட்டியே கணித்தது அந்தச் சண்டையைத் தணித்தது.

காட்டையும் அவர் விடவில்லை. வெட்டவெளிப் பனியைக் காற்று வாரிப்போகிறது. மிக நெருங்கிய காட்டில் பனி கிளைகளிலேயே தங்கி ஆவியாகிறது. தேன்கூடு போல இடையிடையே வெளி விட்ட காடே அதிகம் சேர்க்கிறது; மர நிழலில் மெல்ல உருகுகிறது.

எழுபதைக் கடந்தும் இமயமலைக்கு வந்தார். 1959இல் இறந்தார்.

நமது காடு மாரி மழையின் வேகத்தை உடைக்கிறது, குளத்துக்குள் மண் அள்ளுண்டு வருவதைக் குறைக்கிறது. கூட்டங்களில் 36 அடிக் கணக்கைத்தான் பேசுகிறோம். கனகராயன் ஆற்றின் மேற்பக்கக் காட்டைப் பற்றி, நான் இருந்த கூட்டங்களில் ஒருவரும் கேட்கவில்லை.