மாண்டிசோரி அம்மையார் பெற்ற மெய்ப்பட்டம்

நம் சங்கத்தின் மாலை வகுப்புகளில் பயின்று மேற்படிப்புக்குச் சென்ற பிள்ளைகளுள் சிலர், அண்மைக் காலத்தில் சிறப்புக் கல்வியில் பி.எட். பட்டம் பெற முன்வந்திருக்கின்றனர். கண் தெரியாத, காது கேளாத, அறிவு வளர்ச்சியில் பின்தங்கிய குழந்தைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியராவதற்கான படிப்பு அது. வீட்டுப் பெரியவர்களுக்கு இதில் முழுமனம் இல்லை என்பதை நாம் அறிவோம். தறி நெய்தும், கொலுசுப் பட்டறையில் கண் எரிய வேலை செய்தும், ஜவ்வரிசி ஆலையில் மூட்டை சுமந்தும் படிக்கவைத்த பெற்றோர், பிள்ளை டாக்டராக வேண்டும், அதிகாரியாக வேண்டும் என்று எண்ணுவது இயல்பே. டாக்டர் பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டே இத்தகைய குழந்தைகளைத் தேடி வந்த ஒரு பெண்மணியின் வரலாற்றை அவர்கள் முன் வைப்பது நலமெனக் கருதி இதனை எழுதுகிறோம்.

மரியா மாண்டிசோரி 1870ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 31ஆம் நாள், இத்தாலி நாட்டில் கியாரவல்லே என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் அரசு அலுவலர். குடும்பம் சில ஆண்டுகளில் தலைநகரான ரோமுக்குக் குடிபெயர்ந்தது. பெண்ணுக்கு ஆசிரியப் பணி போதும் என்பது தந்தையின் கருத்து. மருத்துவமே படிப்பேன் என்று மகள் உறுதியாக நின்றார். தாயார் மகளின் பக்கம் நின்றார். பல்கலைக்கழகத்தில் ஆண் மாணவர்களோடு சேர்ந்து பிணத்தை அறுத்து ஆராய்வது பெண்ணுக்கு அடாது எனப்பட்டதால், எல்லோரும் சென்ற பின்னர் மாலை வேளையில் தனியே பிணங்களோடு இருந்து அப்பாடத்தைக் கற்றார். ஒரே கூரையின்கீழ் ஒதுக்கி உட்கார வைக்கப்பட்டவர்களின் வழிவந்த நமக்கு இச்செய்தியை விரித்துரைக்க வேண்டியதில்லை. 1896இல் பட்டம் பெற்று, இத்தாலியின் முதற் பெண் மருத்துவர் சிலருள் ஒருவரானார்.

அதன்பின் பல்கலைக்கழக மனநோய் மருத்துவப் பிரிவில் பணி கிடைத்தது. அது தொடர்பாக ரோம் நகரத்துப் பைத்தியக்கார விடுதிகளுக்குச் சென்று வந்தபோதுதான் அவருடைய வாழ்க்கை திசை திரும்பியது. அறிவு வளர்ச்சி குன்றிய சிறுவர் சிறுமியரையும் அந்நாளில் அங்கேயே அடைத்து வைத்திருந்தனர். அக்கால மருத்துவ ஏடுகளே அவர்களை மூடர் என்னும் பொருள்படும் சொல்லால் குறித்தன. பிறர் சூட்டும் பெயர் ஒரு மனிதனின் வாழ்வை எவ்வாறு குறுக்கிவிடும் என்பதை நம்மைவிட அறிந்தவர் யார்? அக்குழந்தைகள் உணவு முடிந்ததும் தரையில் சிந்திக் கிடந்த ரொட்டித் துணுக்குகளைப் பாய்ந்து எடுப்பதைக் காவற்பெண் அருவருப்போடு பேசினாள். மாண்டிசோரி அந்த அறையைச் சுற்றிப் பார்த்தார். தொட்டுப் பார்க்கவோ, கையிலெடுத்து உருட்டவோ அங்கு ஒரு பொருளும் இல்லை. குழந்தைகள் தேடியது உணவையன்று, கைக்கு ஒரு வேலையை என்று அவருக்குத் தோன்றியது. இவர்களுக்கு வேண்டியது மருந்தைக் காட்டிலும் கல்வியே என்னும் முடிவுக்கு வந்தார். 1898இல் தூரின் நகரக் கல்வி மாநாட்டில் அதனை வெளிப்படையாக எடுத்துரைத்தார்.

1900ஆம் ஆண்டு ரோமில் இத்தகைய குழந்தைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களைப் பயிற்றுவிப்பதற்கென ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. முதல் அணியில் 64 ஆசிரியர்கள் சேர்ந்தனர். மாண்டிசோரி அதன் இயக்குநர் இருவருள் ஒருவர். ஆனால் மேசைக்குப் பின்னால் அமர்ந்து மேற்பார்வை செய்ததோடு அவர் நிற்கவில்லை. காலை 8 மணி முதல் மாலை 7 மணி வரை குழந்தைகளுக்குத் தாமே பாடம் நடத்தினார். இரவில் அன்று கண்டவற்றை எழுதி, ஒப்பிட்டு, மறுநாளைக்கு ஆயத்தம் செய்தார். கல்வியியலில் தாம் பெற்ற முதல் மெய்யான பட்டம் அந்த ஈராண்டு உழைப்பே என்று பிற்காலத்தில் அவரே கருதினார்.

அங்கு நடந்த ஒரு நிகழ்ச்சி தறியோடு வாழும் நம் மாவட்டத்தார்க்கு எளிதில் விளங்கும். பதினொரு வயதுச் சிறுமி ஒருத்திக்குத் தையலும் கிழிசலுக்கு நூலோட்டுவதும் எவ்வளவு சொல்லியும் வரவில்லை. மாண்டிசோரி ஊசியை எடுத்து வைத்துவிட்டார். நெட்டுக்கு நிறுத்திய காகிதப் பட்டைகளுக்கிடையே வேறொரு பட்டையை மேலும் கீழுமாக நுழைத்துப் பின்னும் விளையாட்டைக் கொடுத்தார். பாவினூடே ஊடை செல்லும் அதே முறைதான். அதில் கை பழகிய பின் மீண்டும் ஊசியைக் கொடுத்தபோது சிறுமி தடையின்றி நூலோட்டினாள். செய்யத் தெரியாதவளை அதையே திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லி வதைப்பதில் பயனில்லை. அவ்வேலைக்கு முன்னே வரவேண்டிய அசைவு எதுவெனக் கண்டு அதனைப் பழக்குவதே ஆசிரியர் கடமை என்பதை அவர் அன்று உணர்ந்தார். எழுத்துக்கும் இவ்வழியையே கையாண்டார். மரத்தில் செய்த எழுத்துகளை விரலால் தடவித் தடவி அக்குழந்தைகள் எழுதக் கற்றனர்.

அவர்களுள் சிலர் பொதுப்பள்ளி மாணவரோடு ஒருங்கே தேர்வெழுதித் தேறினர். ஊரார் அதனை அற்புதம் என்றனர். மாண்டிசோரிக்கு எழுந்த ஐயம் வேறு. விடுதியில் தள்ளப்பட்ட குழந்தை பொதுப்பள்ளிக் குழந்தைக்கு ஈடாக வருமாயின், பொதுப்பள்ளி தன் குழந்தைகளை எவ்வளவு தாழ்வான நிலையில் நிறுத்தி வைத்திருக்கிறது என்று அவர் கேட்டார். வகுப்பின் கடைசி வரிசையில் அமர்த்தி மக்கு என்று தள்ளப்பட்ட தலைமுறைகளைக் கண்ட நம் சமுதாயம் கேட்க வேண்டிய கேள்வியும் இதுவே.

1901இல் அப்பள்ளியை விட்டு நீங்கி, மீண்டும் மாணவியாகப் பல்கலைக்கழகம் புகுந்தார். இத்துறையின் முன்னோடிகள் பிரெஞ்சு மருத்துவர்களான இதார், செகேன் இருவர். அவர்கள் எழுதியவற்றை இத்தாலிய மொழியில் தம் கைப்பட எழுதிப் படித்தார். செகேனுடைய நூல் மட்டும் ஏறத்தாழ 600 பக்கம். ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி எடை போடுவதற்காகவே இவ்வாறு செய்தார். தேர்வுக்கு முதல்நாள் கையேட்டைப் புரட்டும் நம் இளைஞர்கள் இவ்விடத்தில் சற்று நின்று செல்க.

1907 ஜனவரி 6ஆம் நாள் ரோமின் சான் லொரென்சோ என்னும் ஏழைக் குடியிருப்பில் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். பெற்றோர் கூலிக்குப் போனபின் கேட்பாரற்றுத் திரிந்த ஐம்பதுக்கு மேற்பட்ட சிறார் அங்கு வந்தனர். மர எழுத்துச் செய்விக்க வழியில்லாததால் உப்புத்தாளில் எழுத்தை வெட்டி ஒட்டினார். உலகெங்கும் பரவிய மாண்டிசோரி முறையின் வேர், விடுதிக் குழந்தைகளிடத்தும் கூலிக்காரர் வீட்டுக் குழந்தைகளிடத்தும் இருக்கின்றது. அப்பெயரைப் பலகையில் எழுதிப் பெருந்தொகை கட்டணம் வாங்கும் பள்ளிகள் பல இதனை மறந்துவிட்டன என்பது நம் வருத்தம்.

அவர் வாழ்வில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டோம். உடன் பணியாற்றிய மருத்துவரோடு கொண்ட உறவில் 1898இல் பிறந்த மகன் மாரியோவை மணம் இன்றிப் பெற்றதால் வேறொரு குடும்பத்தில் வளர்க்க விட்டார். நெடுங்காலம் அவரை மகனென்று ஊரறியச் சொல்லவும் இயலவில்லை. 1924 முதல் முசோலினி அரசின் ஆதரவை ஏற்றார். பின்னர் அவ்வரசோடு பிணங்கி 1934இல் நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது.

1939இல் பிரம்மஞான சபையின் அழைப்பில் மாரியோவோடு சென்னை அடையாற்றுக்கு வந்தார். கர்னல் ஆல்காட் 1894இல் நம் பிள்ளைகளுக்கென இலவசப் பள்ளி தொடங்கினாரே, அதே அடையாறு. அயோத்திதாசப் பண்டிதரோடு 1898இல் இலங்கை சென்றவரும் அந்த ஆல்காட்டே. அங்கு ஏறத்தாழ 300 பேர் மாண்டிசோரியிடம் பயிற்சிக்குச் சேர்ந்தனர். அவர் இத்தாலிய மொழியில் பேச, மகன் ஆங்கிலத்தில் பெயர்த்துரைத்தார். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கவே, ஆங்கில அரசு மாரியோவைச் சிறைமுகாமுக்கு அனுப்பியது. அம்மையார் சபை வளாகத்தை விட்டு நீங்கலாகாதென்று தடுத்தது. அவருடைய எழுபதாம் பிறந்தநாளன்று மகனை விடுவித்தது. பின்னர்க் கொடைக்கானலில் சில ஆண்டுகள் தங்கிப் பெரிய குழந்தைகளுக்கான கல்வியை ஆராய்ந்தார். நம் நாட்டில் அவரிடம் பயின்ற ஆசிரியர்கள் ஆயிரத்துக்கு மேல்.

இன்று இத்துறையில் ஆசிரியராக விரும்புவோர் இந்திய மறுவாழ்வு மன்றத்தின் ஏற்புப் பெற்ற நிறுவனத்தில் பயில வேண்டும். பட்டத்துக்குப் பின் அம்மன்றத்தில் பதிவு செய்தல் வேண்டும். 1992ஆம் ஆண்டுச் சட்டம் இதனை வகுத்துள்ளது. பணம் கட்டுமுன் ஏற்பு உண்டா என்று கேட்டறிக. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 2005இல் நிறுவப்பட்ட தேசிய நிறுவனம் இப்பணிக்கென்றே இயங்குகிறது. திருச்செங்கோடு, இராசிபுரம், சங்ககிரி வட்டாரங்களில் நம் குடியிருப்புகளுக்குச் செல்லும்போது, விருந்தினர் வந்தால் உள்ளறைக்கு அனுப்பப்படும் குழந்தையைக் காண்கிறோம். தாய் வேலைக்குப் போகும் நாளில் திண்ணைத் தூணோடு சேலைத் துணியால் கட்டப்பட்டிருக்கும் பிள்ளையையும் கண்டிருக்கிறோம். அத்தாய்க்கு வேறு வழியில்லை. அந்த வீட்டின் மொழியும் வறுமையும் அறிந்து, திண்ணையில் தயங்காமல் உட்கார்ந்து பாடம் தொடங்கும் ஆசிரியர் நம்முள்ளிருந்தே வரக்கூடும் என்பதால்தான், முதலில் சொன்ன பிள்ளைகளின் கல்விக் கட்டணத்திற்குச் சங்க உறுப்பினர் கைகொடுக்க வேண்டுகிறோம்.

மாண்டிசோரி 1946இல் ஐரோப்பா திரும்பினார். மறு ஆண்டே மீண்டும் இந்தியா வந்தார். 1952 மே 6ஆம் நாள் ஹாலந்து நாட்டின் கடற்கரை ஊராகிய நோர்ட்வைக்கில், தம் 81ஆம் வயதில், மகன் அருகிருக்க உயிர் நீத்தார். இறுதி நாட்களிலும், ஆப்பிரிக்கா சென்று அங்குள்ள ஆசிரியர்களுக்குப் பயிற்சியளிப்பது குறித்தே பேசிக்கொண்டிருந்தார்.