எடைக்குள் இருந்த எண்ணிக்கை

நுழையும்முன்

கண்ணுக்குப் புலப்படாத அணுக்களை எவரும் ஒவ்வொன்றாக எண்ணிவிட இயலாது. ஆயினும் பருகும் நீரையும் சமைக்கும் உப்பையும் தராசில் நிறுத்தே அவற்றிலுள்ள துகள்களின் எண்ணிக்கையைச் சொல்ல முடிகிறது. அதற்கு வழிதிறந்த அறிஞரோ தம் கருத்து ஏற்கப்பட்டதைக் காணாமலே மறைந்தார்.

இத்தாலியின் வடமேற்கே பீட்மாண்ட் பகுதியில் உள்ள தூரின் நகரில், 1776ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள் அமேடியோ அவகாட்ரோ பிறந்தார். தலைமுறை தலைமுறையாகச் சட்டப்பணி ஆற்றிய குடும்பம் அது. அவரும் அவ்வழியே சென்று, இருபது வயதில் திருச்சபைச் சட்டத்தில் முனைவர் பட்டம் பெற்றார். ஆனால், அவருடைய உள்ளம் இயற்கையின் விதிகளையே நாடியது. 1800ஆம் ஆண்டு முதல் கணிதத்தையும் இயற்பியலையும் ஆர்வத்தோடு பயின்றார். 1809இல் வெர்செல்லி நகரக் கல்லூரியில் ஆசிரியரானார்.

அக்காலத்து வேதியியலாளர்களை ஒரு புதிர் வாட்டியது. பொருள்கள் யாவும் பிளக்க இயலாத அணுக்களால் ஆனவை என்பது ஜான் டால்டனின் கொள்கை. இரண்டு பங்கு ஹைட்ரஜனும் ஒரு பங்கு ஆக்சிஜனும் கூடினால் இரண்டு பங்கு நீராவி உண்டாகும் என்பது கே-லூசாக் 1808இல் வெளியிட்ட ஆய்வு முடிவு. சம கனஅளவுள்ள வாயுக்களில் துகள்களும் சமமாக இருக்குமாயின், ஆக்சிஜன் துகள் ஒவ்வொன்றும் இரண்டாகப் பிரிந்தால்தான் இரண்டு பங்கு நீராவி கிடைக்கும். பிளக்க இயலாத அணு எவ்வாறு பிரியும்?

1811இல் வெளியிட்ட கட்டுரையில் அவகாட்ரோ இப்புதிரை விடுவித்தார். ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் உள்ள சம கனஅளவு வாயுக்கள் சம எண்ணிக்கையில் மூலக்கூறுகளைக் கொண்டிருக்கும். ஆக்சிஜன் மூலக்கூறு தனி அணு அன்று, இரண்டு அணுக்களின் இணைப்பு. பிரிவது மூலக்கூறே, அணு பிரிவதில்லை. இக்கருத்தினால் மற்றொரு வழியும் திறந்தது. ஒரு கலம் ஆக்சிஜன், அதே அளவு கலம் ஹைட்ரஜனைவிட ஏறத்தாழ 16 மடங்கு எடை கொண்டது. இரண்டிலும் மூலக்கூறுகள் சமமாதலின், ஆக்சிஜன் மூலக்கூறும் ஹைட்ரஜன் மூலக்கூறைவிட 16 மடங்கு கனமானது. தராசு இவ்வாறு அணுவுலகை அளக்கும் கருவியாயிற்று.

அறிவுலகம் இதற்குச் செவிசாய்க்கவில்லை. சம கனஅளவில் சமத் துகள்கள் என்பதை டால்டன் ஏற்கவில்லை. மின்னேற்றத்தால் எதிரெதிரானவையே இணையும் எனக் கருதிய பெர்சீலியஸின் கொள்கையில், ஒரே தனிமத்தின் இரு அணுக்கள் இணைவதற்கு இடமில்லை. 1820இல் தூரின் பல்கலைக்கழகத்தில் அவகாட்ரோ பேராசிரியரானார். 1821இல் எழுந்த அரசியல் கிளர்ச்சிக்குப் பின் அப்பதவி பறிபோயிற்று. 1834இல்தான் மீண்டும் கிடைத்தது. ஆரவாரமின்றிப் பணியாற்றி 1850இல் ஓய்வுபெற்ற அவர், 1856ஆம் ஆண்டு சூலை 9ஆம் நாள் காலமானார்.

நான்கு ஆண்டுகள் கழித்து, ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் வேதியியலாளர்கள் கூடினர். நீரின் வாய்பாட்டில்கூட அவர்களிடையே ஒற்றுமை இல்லை. அங்கே இத்தாலிய அறிஞர் கன்னிசாரோ, அவகாட்ரோவின் கருத்தைக் கொண்டு அணு நிறைகளை ஐயமறக் கணிக்கலாம் என்று நிறுவினார். அதைக் கேட்டவர்களுள் இளைஞரான மெண்டலீவும் ஒருவர்.

துகள்களின் உண்மையான எண்ணிக்கையை அவகாட்ரோ கணித்ததில்லை. 1865இல் லாஷ்மிட் மூலக்கூறின் அளவை முதன்முதலில் மதிப்பிட்டார். 1909இல் பிரெஞ்சு அறிஞர் பெரின், தாம் சோதனை வழியே கண்ட எண்ணுக்கு அவகாட்ரோவின் பெயரைச் சூட்டினார். அது ஏறத்தாழ 6.022 × 10²³. இத்தனை துகள்களின் தொகுதியே ஒரு மோல். 2019 முதல் 6.02214076 × 10²³ என்னும் மதிப்பே மோலின் வரையறையாக விளங்குகிறது.

நீரின் மூலக்கூறு நிறை 18. எனவே 18 கிராம் நீர் ஒரு மோல். ஒரு மிடறாகப் பருகும் 9 கிராம் நீரில் அரை மோல், அதாவது 3.011 × 10²³ மூலக்கூறுகள் உள்ளன. மூலக்கூறு ஒன்றுக்கு மூன்று அணுக்கள் வீதம், அதிலுள்ள அணுக்கள் 9.033 × 10²³. சமையல் உப்பில் ஒரு மோல் என்பது 58.5 கிராம். 5.85 கிராம் உப்பை நிறுத்தெடுத்தால், அதில் 6.022 × 10²² சோடியம் அயனிகளும் அதே எண்ணிக்கையில் குளோரைடு அயனிகளும் இருக்கும். எடையை மோல் நிறையால் வகுத்து, அவகாட்ரோ எண்ணால் பெருக்கும் இக்கணக்கை இன்று பள்ளி மாணவரும் செய்கின்றனர். அதற்கு அடிப்படையான கருத்தோ அரை நூற்றாண்டுக்காலம் கேட்பாரற்றுக் கிடந்தது.