கம்பியில்லாத் தந்தியின் முன்னோடி ஜகதீச சந்திர போஸ்



பூந்தமல்லி நெடுஞ்சாலையில் நிற்கும் போலீஸ்காரர் கையில் வாக்கி-டாக்கி என்னும் சிறு கருவியைப் பார்த்திருப்பீர்கள். அவர் பேச்சை அனுப்புவதும் அதுவே. பிறர் பேச்சை வாங்கித் தருவதும் அதுவே. நம் கைபேசியும் அவ்விதமே. கண்ணுக்குத் தெரியாத அலைகளை அனுப்பவும் வாங்கவும் கூடுமென்று நம் நாட்டில் அக்காலத்திலேயே செய்து காட்டியவர் ஜகதீச சந்திர போஸ்.

அவர் 1858 நவம்பர் 30-ந் தேதி வங்காளத்தில் பிறந்தார். தகப்பனார் சர்க்கார் உத்தியோகஸ்தர். ஆயினும் மகனை முதலில் தாய்மொழிப் பள்ளிக்கே அனுப்பி, செம்படவர் வீட்டுப் பிள்ளையோடும் ஏவலாள் வீட்டுப் பிள்ளையோடும் சேர்ந்து உட்கார வைத்தார். பின்பு கல்கத்தா அர்ச். சவேரியார் கலாசாலையில், பெல்ஜிய நாட்டுச் சேசு சபைக் குருவாகிய யூஜின் லாபோன் சுவாமியாரிடம் படித்தார். புத்தகப் பாடத்தோடு நில்லாமல் பரிசோதனைகளைக் கண்முன் செய்து காட்டுவது சுவாமியாரின் வழக்கம். மாணவருக்கு விஞ்ஞானத்தில் பற்று உண்டானது அங்கேதான்.

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் படித்துவிட்டு, 1885-ல் கல்கத்தா மாகாணக் கல்லூரியில் பேராசிரியரானார். இந்தியர் என்பதற்காக, ஐரோப்பியருக்குக் கொடுத்ததைவிடக் குறைந்த சம்பளமே கொடுத்தார்கள். அவர் சண்டையிடவில்லை, வேலையை விடவுமில்லை. மூன்று வருஷம் சம்பளத்தைத் தொடாமலே ஒழுங்காகப் பாடம் நடத்தினார். தகப்பனாருக்கோ கடன் தொல்லை. 1887-ல் அவர் மணந்த அபலா அம்மையார், நம் சென்னையில் வைத்தியம் படித்தவர். அவரும் அந்தக் கஷ்டத்தில் மனமுவந்து பங்குகொண்டார். முடிவில் சர்க்கார் பணிந்து, முழுச் சம்பளத்தையும் பாக்கியோடு கொடுத்தது. அப்பணம் தகப்பனாரின் கடனுக்குப் போயிற்று.

கல்லூரியில் ஒரு சிற்றறையே அவருடைய சோதனைச்சாலை. சாதாரணத் தொழிலாளி ஒருவரைப் பழக்கிக்கொண்டு கருவிகளைத் தாமே அமைத்தார். 1895-ல் கல்கத்தா நகர மண்டபத்தில், அனுப்பும் கருவியை ஓரிடத்திலும் வாங்கும் கருவியை வேறிடத்திலும் வைத்தார். அலைகள் சுவர்களை ஊடுருவிச் சென்று, 75 அடி தூரத்தில் மணியை அடித்தன, வெடிமருந்தைக் கொளுத்தின. அவர் ஆராய்ந்த அலைகளுள் சில 5 மில்லிமீட்டர் நீளமே உள்ளவை. அன்று தனித்தனியே இருந்த அவ்விரு கருவிகளும் இன்று ஒரே பெட்டிக்குள் அடங்கிவிட்டன.

1899-ல் பாதரசத்தால் ஆன அலைவாங்கி ஒன்றைப்பற்றி இலண்டன் ராயல் சங்கத்தின் வாயிலாக வெளியிட்டார். 1901 டிசம்பரில் அத்லாந்திக் சமுத்திரத்தைக் கடந்து வந்த செய்தியை மார்க்கோனி கேட்டது அத்தகைய கருவியைக் கொண்டே. அதே வருஷத்தில் கம்பெனிக்காரர் ஒருவர் போஸின் கண்டுபிடிப்புக்கு உரிமைப் பத்திரம் வாங்கி லாபம் பங்கிடலாமென்று ஆசை காட்டினார். அவர் இணங்கவில்லை. நண்பர்களின் வற்புறுத்தலால் 1904-ல் அமெரிக்க உரிமை ஒன்று கிடைத்தபோதும் அதைக்கொண்டு பணம் தேடவில்லை.

மார்க்கோனிக்கு 1909-ல் நோபல் பரிசு கிடைத்தது. வத்திக்கான் வானொலியை 1931-ல் அமைத்துக் கொடுத்தவரும் அவரே. போஸோ 1917-ல் கல்கத்தாவில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவி, அதை நாட்டுக்கே அர்ப்பணம் செய்தார். இருவரும் 1937-ம் வருஷத்திலேயே காலமானார்கள்.

பெற்றோரே, கைபேசி வாங்கிக் கேட்கும் பிள்ளைக்கு இந்த வரலாற்றையும் சொல்லுங்கள். குருவிடம் வாங்கியதைத் தமக்கென்று பூட்டி வைக்காமல் உலகுக்கு அனுப்பினார் அவர். வாங்க மட்டும் தெரிந்து, கொடுக்கத் தெரியாத கருவி பாதிக் கருவியே. மனிதனும் அப்படித்தான்.