முட்டி வலித்தாலும் கை ஓயவில்லை

ரமண மகரிஷி என்றதும் நம்மில் பலருக்கு ஒரு படம்தான் ஞாபகத்துக்கு வரும். வெள்ளைக் கோவணம், நரைத்த தாடி, கருணையான கண்கள். சோபாவில் சாய்ந்தபடி நம்மையே பார்த்துக்கொண்டிருக்கும் பெரியவர். அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்து, அவர் வாழ்நாள் முழுவதும் அப்படியே சும்மா உட்கார்ந்திருந்தவர் என்று நினைத்துவிடுகிறோம். நானும் இளைஞர் வகுப்பில் படித்த காலத்தில் அவரை மௌன குரு என்று மட்டும்தான் தெரிந்து வைத்திருந்தேன்.

இந்த மாதம் நான் சொல்லப் போவது வேறொரு ரமணரைப் பற்றி. முட்டியில் வாதம், கையில் ஊன்றுகோல், அப்படியும் விடியுமுன்னே எழுந்து காய்கறி நறுக்கிய ரமணர்.

ஏன் இந்தப் பேச்சு என்று கேட்பீர்கள். எனக்கு வயது 46. கிளையில் இருபது வருடமாக ஓடியாடி வேலை செய்தவன். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஃபுட்சால் ஆடும்போது வலது முட்டியில் ஜவ்வு கிழிந்தது. அது ஓரளவு ஆறியதும் இடுப்பு வலி வந்து சேர்ந்தது. இப்போதெல்லாம் கோயில் கோத்தோங் ரோயோங்கில் தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க யாராவது கை கொடுக்க வேண்டியிருக்கிறது. போதும், பொறுப்பை எல்லாம் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்துவிடலாம் என்ற எண்ணம் எனக்குள் பலமாகவே இருந்தது. அந்தச் சமயத்தில்தான் ரமணரின் வாழ்க்கையை மறுபடி எடுத்துப் படித்தேன். இந்தத் தடவை உபதேசத்தைத் தேடவில்லை. அந்த உடம்பு என்னவெல்லாம் பட்டது, அதை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்தார் என்று மட்டும் கவனித்துப் படித்தேன்.

1879 டிசம்பர் 30-ஆம் தேதி, மதுரைக்குத் தெற்கே உள்ள திருச்சுழியில் சுந்தரம் ஐயருக்கும் அழகம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார். பெயர் வேங்கடராமன். அப்பா 1892-இல் இறந்துவிட, மதுரையில் சித்தப்பா வீட்டில் வளர்ந்தார். படிப்பில் ரொம்ப அக்கறை காட்டிய பையன் இல்லை. கால்பந்து, மல்யுத்தம், நீச்சல் என்றால் உயிர். நல்ல கட்டுமஸ்தான உடம்பு. தூங்கினால் அடித்தாலும் தெரியாதாம். முழித்திருக்கும்போது அவரோடு மோதப் பயந்த பையன்கள், தூங்கும்போது தூக்கிக்கொண்டு போய் அடித்து விளையாடிவிட்டுத் திரும்பப் படுக்க வைத்துவிடுவார்களாம். அவரும் ஒன்றும் தெரியாமல் தூங்கிக்கொண்டிருப்பாராம்.

16 வயதில் ஒரு நாள் திடீரென்று மரண பயம் பிடித்தது. உடம்பு செத்தால் நானும் சாவேனா என்று தனக்குள்ளேயே விசாரித்துப் பார்த்தார். அதன்பின் பள்ளியிலும் வீட்டிலும் மனம் ஒட்டவில்லை. 1896 செப்டம்பர் 1-ஆம் தேதி திருவண்ணாமலை வந்து சேர்ந்தார். அதற்குப் பிறகு அந்த ஊரை விட்டு அவர் எங்கேயும் போகவில்லை.

ஆரம்ப நாட்களில் அருணாசலேசுவரர் கோயில் ஆயிரங்கால் மண்டபத்துக்குக் கீழே, பாதாள லிங்கம் இருக்கும் இருட்டறையில் உட்கார்ந்து உலகத்தை மறந்தார். பூச்சிகள் தொடைகளைக் கடித்துப் புண்ணாக்கின. இரத்தமும் சீழும் வடிந்தும் அவருக்குத் தெரியவில்லை. மற்றவர்கள் தூக்கி வெளியே கொண்டுவந்தார்கள். அந்தத் தழும்புகள் கடைசி வரை போகவில்லை. மலையில் இருந்த காலத்தில் ஒருமுறை புதருக்குள் இருந்த குளவிக் கூட்டில் கால் பட்டுவிட்டது. குளவிகள் அந்தக் காலை மொய்த்துக் கொட்டின. அவற்றின் வீட்டைக் கலைத்தது இந்தக் கால்தானே என்று, அவை ஓயும்வரை அசையாமல் நின்றார். கால் வீங்கிப் போனது.

இதையெல்லாம் படித்துவிட்டு யாரும் உடம்பை வருத்திக்கொள்ளக் கிளம்ப வேண்டாம். அது அவருடைய இளமைக் காலம். என்னைப் பிடித்து நிறுத்தியது அதற்கப்புறம் வந்த நடுவயது.

விரூபாட்ச குகை, பிறகு ஸ்கந்தாசிரமம் என்று இருபது வருடங்களுக்கு மேல் மலையில் வாழ்ந்தார். கடைசிக் காலத்தில் அவருடனேயே வந்து தங்கிய தாய் அழகம்மாள் 1922 மே மாதம் மறைந்தார். அடிவாரத்தில் தாயின் சமாதி எழுந்தது. அதே ஆண்டு ரமணரும் மலையிலிருந்து இறங்கி வந்து அங்கேயே தங்கிவிட்டார். இன்று நாம் போய் தரிசிக்கும் ரமணாசிரமம் அந்தச் சமாதியைச் சுற்றி ஒரு கூரைக் கொட்டகையாக ஆரம்பித்ததுதான். அப்போது அவருக்கு வயது 42.

1924 ஜூன் 26-ஆம் தேதி இரவு ஆசிரமத்துக்குள் திருடர்கள் புகுந்தார்கள். அங்கே திருட என்ன இருக்கிறது? இருந்தும் ஜன்னலை உடைத்து, உள்ளே இருந்தவர்களை அடித்தார்கள். வெளியே வந்த ரமணருக்கு இடது தொடையில் பலத்த அடி. ஆத்திரப்பட்டு இரும்புக் கம்பியைத் தூக்கிக்கொண்டு ஓடப் பார்த்த ஒரு சீடரை அவர் தடுத்துவிட்டார். தான் பட்ட அடியைவிட மற்றவர்கள் பட்ட அடியைத்தான் முதலில் விசாரித்தார். வயது 44. அந்த வயதில் பட்ட அடி சும்மா போகாது, நமக்கே தெரியும்.

அடிபட்ட காலோடு அவர் படுத்துவிடவில்லை. மலையைச் சுற்றி சுமார் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை. அன்பர்களோடு அதை மெதுவாக, அங்கங்கே தங்கித் தங்கி நடப்பது அவருக்கு ரொம்பப் பிடித்த காரியம். 1926 வரை அதை விடவில்லை. அப்புறம் ஏன் நிறுத்தினார்? கால் வலியால் இல்லை. அவர் கிளம்பினால் ஆசிரமமே கூடக் கிளம்பிவிடும். வருகிறவர்களைக் கவனிக்க ஆள் இருக்காது. அதற்காக நிறுத்தினார். ஆனால் தினமும் மலைச்சரிவில் நடப்பதையும், பக்கத்தில் உள்ள பலாக்கொத்துப் பக்கம் போய் வருவதையும் நிறுத்தவில்லை. பெரிய நடை போனது, சின்ன நடை நின்றது. இதை நான் இரண்டு தடவை படித்தேன்.

பின்னாளில் வாதம் முட்டிகளைப் பிடித்துக்கொண்டது. உட்கார்ந்து எழுவதே சிரமம். நடக்க ஊன்றுகோல் வேண்டும். அந்த ஐம்பது வயதுக் காலத்தில்தான் அவர் ஆசிரமச் சமையலறையில் முழு மூச்சாக வேலை செய்தார். விடியுமுன்னே, இருட்டிலேயே எழுந்து காய்கறி நறுக்க உட்கார்ந்துவிடுவார். அரைப்பது, தாளிப்பது, உப்புப் பார்ப்பது எல்லாவற்றிலும் அவர் கை இருக்கும். எதையும் வீணாக்க விடமாட்டார். நாம் குப்பையில் போடும் தோலும் காம்பும் மாட்டுக்குப் போகும். நன்றாகப் படித்த அன்பர்களும் அந்தச் சமையலறையில் அவரிடம் பாடம் கற்றார்கள். தியானம் கேட்டு வந்தவருக்குக் கையில் கத்தியும் கத்திரிக்காயும் கிடைத்தன!

உட்கார்ந்த இடத்தில் செய்யும் வேலையும் அவருக்குக் குறைவில்லை. சாப்பாட்டு இலை தைப்பார். கிழிந்த புத்தகத்துக்கு அட்டை போட்டுக் கட்டுவார். அச்சுப் பிழை திருத்துவார். தேங்காய்க் கொட்டாங்குச்சியைத் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி பளபளக்கும் கிண்ணமாக்குவார்.

நிஷ்காம கர்மம், அதாவது பலனை எதிர்பார்க்காத வேலை என்றால் என்ன என்று ஒருவர் அவரிடம் கேட்டார். ரமணர் பதில் பேசவில்லை. மலையில் கிடந்த முள் கிளையை எடுத்து உட்கார்ந்தார். முள்ளைச் செதுக்கினார், கணுக்களை மழித்தார், சொரசொரப்பான இலையால் தேய்த்தார். மணிக்கணக்காக அதே வேலை. கடைசியில் அழகான கைத்தடி ஒன்று தயார். அந்த வழியாக வந்த ஆடு மேய்க்கும் பையன் தன் தடி தொலைந்துபோய் முகம் வாடி நின்றான். தடி அவன் கைக்குப் போனது. கேள்வி கேட்டவருக்கும் பதில் கிடைத்துவிட்டது.

பகவத் கீதை வகுப்பில் கர்ம யோகத்தைப் பற்றி நாம் எவ்வளவோ பேசியிருக்கிறோம். இந்தத் தடிக்குப் பிறகு விளக்கம் வேறு வேண்டுமா?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர் வலியை இல்லை என்று சொன்னவர் இல்லை. முட்டிக்குத் தைலம் தேய்க்கத் தொண்டர்களை அனுமதித்தார். சில சமயம் அவர்களிடமிருந்து வாங்கித் தானே தேய்த்துக்கொண்டார். ஊன்றுகோலை வெட்கப்படாமல் ஊன்றினார். தனக்கென்று சத்து மருந்து கொண்டுவந்தால் மட்டும், அதை எல்லாருக்கும் பங்கு போடச் சொல்லிவிடுவார். உடம்புக்கு வைத்தியம் செய்துகொள்ளச் சம்மதம். உடம்பைக் காட்டித் தனிச் சலுகை பெறச் சம்மதம் இல்லை.

ஒருமுறை ஒரு நாய் அணிலைத் துரத்தியது. அணிலைக் காப்பாற்ற அவர் கைத்தடியைக் குறுக்கே எறிந்தார். பிடிமானம் போய், வழுக்கி விழுந்தார். கழுத்துப்பட்டை எலும்பு முறிந்தது. வாதத்தோடு அந்த வலியும் சேர்ந்தது. அணில் பிழைத்தது.

1948 கடைசியில் இடது முழங்கைப் பக்கம் சிறு கட்டி தோன்றியது. 1949 பிப்ரவரியில் அறுத்து எடுத்தார்கள். திரும்ப வளர்ந்தது. புற்று வகைக் கட்டி என்று தெரிந்தது. கையையே எடுத்துவிடலாம் என்று மருத்துவர்கள் சொன்னதற்கு அவர் இணங்கவில்லை. அந்த ஆண்டுக்குள் நான்கு அறுவை சிகிச்சைகள். முதல் சிகிச்சைக்கும் இரண்டாவதற்கும் நடுவில்தான், மார்ச் மாதத்தில், தாயின் சமாதி மேல் கட்டிய மாத்ருபூதேசுவரர் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்தது. அவரும் அதில் இருந்தார். அலோபதி, சித்தம், ஆயுர்வேதம், ஹோமியோபதி என்று அன்பர்கள் எதைக் கொண்டுவந்தாலும் அவர்கள் மனம் நோகாமல் ஏற்றுக்கொண்டார்.

நிலைமை முற்றியபோது தரிசனத்தை நிறுத்திவிடலாமா என்ற பேச்சு வந்தது. அவர் ஒத்துக்கொள்ளவில்லை. தூரத்திலிருந்து வந்தவர்கள் பார்க்காமல் திரும்பக் கூடாது. காலையிலும் மாலையிலும் வரிசையாக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். சமையல் வேலை இல்லை, மலை நடை இல்லை, தடி செதுக்கக் கை இல்லை. கண் இருந்தது. பார்ப்பதே அவருடைய வேலையாக மிஞ்சியது, அதையும் ஒழுங்காகச் செய்தார். கடைசி நாட்களில் தனக்குப் பணிவிடை செய்த தொண்டருக்கு நன்றி சொல்லவும் மறக்கவில்லை. 1950 ஏப்ரல் 14-ஆம் தேதி இரவு, 70 வயதில் அந்த உடம்பு ஓய்ந்தது.

இந்த வாழ்க்கையில் நான் கண்டது இதுதான். உடம்பு ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டே வந்தது. அவர் சாத்திய கதவின் முன்னால் உட்கார்ந்து அழவில்லை, முட்டி மோதி உடைக்கவும் இல்லை. திறந்திருந்த அடுத்த கதவு வழியாக வேலைக்குப் போனார். கிரிவலம் போனால் மலைச்சரிவு. நிற்க முடியாவிட்டால் உட்கார்ந்து இலை தைப்பது. அதுவும் முடியாவிட்டால் வந்தவரை அன்போடு பார்ப்பது. வேலை சின்னதாகிக்கொண்டே போனது. தொண்டு சின்னதாகவே இல்லை.

ஆகவே நான் பொறுப்பை விடவில்லை. வேலையை மாற்றிக்கொண்டேன். பத்துமலையின் 272 படிகளில் தண்ணீர்ப் பெட்டி தூக்குவது இனி என் வேலை இல்லை, அதற்குத் தம்பிகள் இருக்கிறார்கள். மருத்துவர் சொன்ன உடற்பயிற்சியைக் காலையில் தவறாமல் செய்கிறேன், குடியிருப்பைச் சுற்றி அரை மணி நேரம் நடக்கிறேன். அன்னதானத்துக்கு முதல் நாள் இரவு நாற்காலி போட்டு உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிறேன். வலிக்கத்தான் செய்கிறது. வலித்துவிட்டுப் போகட்டும்.

தம்பி தங்கைகளே, உங்களுக்கு இப்போது முட்டி இருப்பதே தெரியாது. நல்லது, அந்தப் பலத்தைப் பணியில் போடுங்கள். உங்கள் கிளையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடக்கும் ஓர் அண்ணனோ அக்காவோ கட்டாயம் இருப்பார்கள். வயசாயிடுச்சு, நீங்க ஓரமா உட்காருங்க என்று அன்பாகக்கூட ஒதுக்கிவிடாதீர்கள். உட்கார நாற்காலி கொடுங்கள், கையில் ஒரு வேலையும் கொடுங்கள்.