தங்கம் பிலிப்

தங்கம் எலிசபெத் பிலிப் (1921 - 2009) இந்திய ஊட்டச்சத்து வல்லுநரும், சமையற்கலை நூலாசிரியரும், விடுதி மேலாண்மைக் கல்வியின் முன்னோடிகளுள் ஒருவரும் ஆவார். மும்பை விடுதி மேலாண்மை நிறுவனத்தின் முதல்வராக நெடுங்காலம் பணியாற்றியவர்.

வாழ்க்கைக் குறிப்பு

கேரளத்தைச் சேர்ந்த இவர், சென்னை மகளிர் கிறித்துவக் கல்லூரியில் மனையியல் பயின்றார். அக்காலத்தில் மனையியல் என்பது இல்லறத்துக்கு உதவும் படிப்பு என்றே பலரும் கருதினர். அதில் பட்டம் பெற்ற பெண்களுக்கு ஆசிரியப் பணியே எளிதில் கிடைக்கும் வேலையாக இருந்தது. இவரும் கொல்கத்தாவில் பள்ளி ஆசிரியராகவே தம் பணியைத் தொடங்கினார்.

கேட்டரிங் கல்லூரி

இவர் விடுதித் துறைக்கு வர மறைமுகக் காரணமாக அமைந்தது உணவுப் பற்றாக்குறை எனலாம். விடுதலைக்குப் பிந்தைய ஆண்டுகளில் அரிசியும் கோதுமையும் போதிய அளவு கிடைக்கவில்லை. மாற்று உணவுகளைப் பரப்பும் நோக்குடன் லீலாவதி முன்ஷியின் தலைமையில் இயங்கிய மகளிர் உணவுக் குழு, அன்னபூர்ணா என்னும் சிற்றுண்டிச் சாலைகளை நடத்தி வந்தது. அக்குழுவே 1954 ஆம் ஆண்டு மும்பையில் ஒரு பயிற்சி நிறுவனத்தையும் தொடங்கியது. இத்துறையில் இந்தியாவின் முதல் கல்லூரி இதுவாகும். தாதரில் இன்றும் கேட்டரிங் கல்லூரி என்றே மக்கள் இதனை அழைக்கின்றனர். தங்கம் பிலிப் இங்கு ஆசிரியராகச் சேர்ந்து, பின்னர் முதல்வரானார்.

அதுவரை விடுதிச் சமையல் தலைமைச் சமையற்காரரிடம் எடுபிடியாக இருந்து கற்கும் தொழிலாகவே இருந்தது. கைப்பக்குவமே அளவு. அதனை ஊட்டச்சத்து, துப்புரவு, கொள்முதல், செலவுக் கணக்கு ஆகியவற்றோடு வகுப்பறையில் கற்பிக்க வேண்டியிருந்தது; பாடநூலும் தேவைப்பட்டது. இவர் எழுதிய மாடர்ன் குக்கரி என்னும் இரு தொகுதி நூல் இக்குறையை நீக்கியது. ஒரே பண்டத்துக்கு ஒரு குடும்பத்துக்கான அளவும் நூறு பேருக்கான அளவும் இந்நூலில் தனித்தனியே தரப்பட்டன. வீட்டுச் சமையலுக்கும் விடுதிச் சமையலுக்கும் உள்ள வேறுபாடு இதிலேயே அடங்கியுள்ளது. அளவைப் பெருக்கினால் போதும் என்று எண்ணுபவர் உப்பிலும் நீரிலும் தவறுவர். பல தலைமுறை மாணவர்கள் இந்நூலைக் கொண்டே பயின்றனர்.

சுற்றுலாத் துறையுடன் இணைப்பு

மும்பையைத் தொடர்ந்து தில்லி, கொல்கத்தா, சென்னை ஆகிய நகரங்களிலும் இத்தகைய கல்லூரிகள் தோன்றின. சென்னையில் 1963 இல் தொடங்கப்பட்ட நிறுவனம் தற்போது தரமணியில் உள்ளது. தொடக்கத்தில் அரசின் உணவுத் துறையைச் சார்ந்திருந்த இக்கல்வி, 1982 இல் சுற்றுலாத் துறையின் பொறுப்பில் வந்தது. பாடத்திட்டத்தை ஒருங்கிணைக்கத் தேசியக் குழுமம் ஒன்றும் அவ்வாண்டில் அமைக்கப்பட்டது. பஞ்ச காலத்தில் சிக்கனமாக உணவளிக்கும் முயற்சியாகத் தொடங்கிய படிப்பு, பயணிகளை வரவேற்று உபசரிக்கும் தொழிலுக்கான பட்டப்படிப்பாக மாறியது இவ்வாறே. இம்மாற்றத்தின் பெரும்பகுதி இவரது பணிக்காலத்திலேயே நிகழ்ந்தது.

விருதுகள்

இந்திய அரசு 1976 இல் இவருக்குப் பத்மசிறீ விருது வழங்கியது. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பின் சீரீசு பதக்கமும் பெற்றுள்ளார்.