பத்து சென்ட் காசும் ஒரு ஜனாதிபதியும்

அமெரிக்க ஜனாதிபதி ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் என்றால் நம்மில் பலருக்கு இரண்டாம் உலகப் போர்தான் ஞாபகம் வரும். நான் எழுதப்போவது அவருடைய உடம்பைப் பற்றி. அந்த உடம்பில் இருந்த இரண்டு நோய்களில் ஒன்றுக்காக நாடே பணம் கொட்டியது. இன்னொன்று இருப்பதே நாட்டுக்குத் தெரியாது.

1882-ல் நியூயார்க் மாநிலம் ஹைட் பார்க்கில், வசதியான வீட்டில் பிறந்தவர். 1921 ஆகஸ்டில், 39 வயதில், காய்ச்சல் என்று படுத்தார். சில நாளிலேயே இரண்டு காலும் விழுந்துவிட்டன. இளம்பிள்ளை வாதம், அதாவது போலியோ என்றார்கள். (அது வேறொரு நரம்பு நோயாக இருக்கலாம் என்று 2003-ல் சில ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். அந்த வழக்கு இன்னும் தீரவில்லை.)

மெக்கானிக்கல் படிக்கிற எனக்கு இதற்கடுத்த கட்டம் ரொம்பப் பிடிக்கும். மனுஷன் சும்மா இருக்கவில்லை. கைப்பிடி இல்லாத சாதாரண நாற்காலியில் சக்கரம் மாட்டி, குறுகலான வாசலிலும் நுழைகிற மாதிரி வண்டி செய்துகொண்டார். காரைக் கையாலேயே ஓட்டும்படி லீவர் வைத்துக்கொண்டார். ஜார்ஜியாவில் வார்ம் ஸ்பிரிங்ஸ் என்ற வெந்நீர் ஊற்றுக்கு 1924-ல் போனவர், 1926-ல் அந்த இடத்தையே வாங்கி போலியோ நோயாளிகளுக்குச் சிகிச்சை நிலையம் ஆக்கினார். ஆனா பாருங்க, அங்கே வெள்ளையருக்கு மட்டும்தான் இடம். கறுப்பினத்தவருக்கு டஸ்கீகியில் தனி நிலையம் திறக்க 1941 ஆயிற்று.

1932 தேர்தலில் ஜெயித்து ஜனாதிபதி ஆனார். 1934 ஜனவரி 30, அவர் பிறந்தநாள். ஊர் ஊராக நடன விருந்து வைத்து, அந்த ஒரு நாளில் பத்து லட்சம் டாலருக்கு மேல் திரட்டினார்கள். 1938-ல் போலியோவுக்கென்றே தேசிய நிறுவனம் ஒன்றை ஆரம்பித்தார். எடி கேன்டர் என்ற நகைச்சுவை நடிகர், ஆளுக்குப் பத்து சென்ட் நேரே வெள்ளை மாளிகைக்கு அனுப்புங்கள் என்று ரேடியோவில் கேட்டுக்கொண்டார். வந்து குவிந்தது 26 லட்சத்து 80 ஆயிரம் காசு! கடிதம் பிரிக்கிறவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

அந்தக் காலத்தில் காசநோயும் இதய நோயும் போலியோவை விடப் பல மடங்கு பேரைக் கொன்றன. போலியோவுக்கோ ஒரு ஜனாதிபதியின் பெயரும் ஒரு நடிகரின் குரலும் கிடைத்தன. பணம் வீணாகவில்லை, அதையும் சொல்லணும். சால்க்கின் தடுப்பூசிக்கும், நம் வாயில் விட்ட சொட்டு மருந்துக்கு மூலமான சபினின் ஆராய்ச்சிக்கும் அந்த நிறுவனம்தான் பணம் கொடுத்தது. சால்க் ஊசி பலிக்கிறது என்று அறிவித்த நாள் 1955 ஏப்ரல் 12, ரூஸ்வெல்ட்டின் பத்தாவது நினைவு நாள்.

ஆனால் அவரைக் கொன்றது போலியோ இல்லை. 1944 மார்ச்சில் ஒரு இதய டாக்டர் சோதித்தபோது ரத்த அழுத்தம் 186/108, இதயமும் தளர்ந்திருந்தது. போர் நேரம், தேர்தல் வேறு. வெளியே விடவில்லை. வயசுக்கு நல்லாவே இருக்கிறார் என்று அவருடைய சொந்த டாக்டரே பத்திரிகைகளுக்குச் சொன்னார். அழுத்தத்தைக் குறைக்க உருப்படியான மருந்தும் அன்று கிடையாது. உப்பைக் குறை, ஓய்வெடு, அவ்வளவுதான். நாலாவது தடவையும் ஜெயித்தார். 1945 ஏப்ரல் 12 அன்று வார்ம் ஸ்பிரிங்ஸில் மூளையில் ரத்தக் கசிவு. அப்போது அழுத்தம் 300/190. வயது 63.

காலை மறைத்ததைக்கூட நான் மன்னிப்பேன். சக்கர நாற்காலியில் அவர் இருக்கும் படங்கள் மிகச் சில. ஆனால் இதயத்தை மறைத்தபோது, அதே நோய் இருந்த லட்சக்கணக்கானவர்களுக்குக் கிடைத்திருக்க வேண்டிய காசும் மறைந்து போயிற்று என்றே எனக்குத் தோன்றுகிறது. 1946-ல் அவர் முகத்தைப் பத்து சென்ட் காசில் அச்சடித்தார்கள். அதுவும் போலியோவுக்காகத்தான்.

இதய ஆராய்ச்சிக்கென்று தேசிய நிறுவனம் அமைக்கும் சட்டத்தில் ட்ரூமன் கையெழுத்துப் போட்டது 1948-ல். அதே வருஷம் மாசசூசெட்ஸில் ஃபிராமிங்காம் என்ற ஊரில் 5,209 பேரை வருஷக்கணக்கில் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வு தொடங்கியது. உயர் ரத்த அழுத்தம் இதய நோயை இழுத்து வரும் என்று அந்த ஆய்வுக்காரர்கள் கணக்குப் போட்டு எழுதியது 1961-ல். ரூஸ்வெல்ட் போய் அப்போது 16 வருஷம்.