ஸர் பிரான்ஸிஸ் ஸ்பிரிங்

பழைய மோட்டார் வண்டிகளைப் பேணிக் காக்கும் அன்பர்கள் அவற்றைச் சென்னை வீதிகளில் அணிவகுத்து ஓட்டும் நாட்களில் மக்கள் திரண்டு நின்று கண்டு களிக்கின்றனர். இங்கிலாந்திலோ 1905-ஆம் ஆண்டுக்கு முற்பட்ட வண்டிகள் நவம்பர் மாதந்தோறும் விடியற்காலையில் லண்டனை விட்டுப் புறப்பட்டுப் பிரைட்டன் கடற்கரையைச் சேர்கின்றன. அவ்வண்டிகள் புதியனவாயிருந்த காலத்தில், நமது நகரில் எம்.ஸி. 1 என்னும் முதற் பதிவெண்ணைத் தாங்கிய வண்டிக்கு உடையவராயிருந்தவர் ஸர் பிரான்ஸிஸ் ஸ்பிரிங். அவர்தம் சரிதத்தைச் சுருங்கச் சொல்லப் புகுகின்றோம்.

1849-ஆம் ஆண்டில் அயர்லாந்தில் பிறந்த ஸ்பிரிங், 1870-இல் அரசாங்கப் பொறியாளராக இந்தியா போந்தார். பேராறுகளைக் கரையெழுப்பி நெறிப்படுத்தும் முறையைப் பற்றி 1903-இல் ஒரு நூலும் எழுதினார். பலர் ஓய்வை நாடும் ஐம்பத்தைந்தாம் வயதில், 1904-இல், சென்னைத் துறைமுகத் தலைமையை ஏற்றார். அத்துறைமுகமோ 1881-ஆம் ஆண்டுப் புயலிற் சிதைந்து மீண்டும் கட்டப்பெற்றது. கிழக்கு நோக்கிய அதன் வாயில் அலைக்கும் மணலுக்கும் இடமாய்க் கப்பல்களை வருத்திற்று. அவ்வாயிலை அடைத்து, வடகிழக்கில் வேறு வாயில் திறந்து, காப்புக்கரமும் எழுப்பினார் ஸ்பிரிங். 1911-இல் ஸர் பட்டம் பெற்றார். ஆயினும், வடக்கே செல்லும் மணலைத் துறைமுகம் மறித்ததனால் மெரினாக் கடற்கரை அகன்றது. இராயபுரம் முதல் திருவொற்றியூர் வரையுள்ள கரையைக் கடல் அரித்தது. அவருக்கு முன்னரே தொடங்கிய கேடு இஃது என்பதையும் நாம் மறத்தலாகாது.

அக்காலத்து மோட்டார் வண்டிகள் பலவற்றிற்கு மின்விளக்கில்லை. கார்பைடுக் கட்டிகளின்மேல் நீர் துளித்துளியாய் வீழ, அதனின்று எழும் அஸிடிலீன் வாயுவைக் கொளுத்தி, அவ்வொளியிற் செல்ல வேண்டும். ஒளி தாழ்ந்தால் ஓட்டுவோர் நடுவழியில் இறங்கி விளக்கைச் சீர்செய்தே மேற்செல்வர். மாட்டுவண்டிகள் நிறைந்த சாலையில் இராப்பிரயாணம் எத்துணை அரியது என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்வாராக. 1914-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் இரவிலோ, விளக்கு வேண்டாதபடி கடற்கரை ஒளிர்ந்தது. எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் சுட்ட குண்டுகளால் துறைமுகத்தருகே எண்ணெய்த் தொட்டிகள் பற்றியெரிந்தன. அஞ்சிய மக்கள் பலர் நகரை நீத்தகன்றனர். அன்றும் துறைமுகத் தலைவர் ஸ்பிரிங்கே.

இவ்வளவுக்கும் மேலாக நம் மாணவர் அறியவேண்டுவது ஒன்றுண்டு. 1912 மார்ச் 1-ஆம் நாள் மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் ஓர் இளைஞர் அவ்வலுவலகத்திற் குமாஸ்தாவாக அமர்ந்தார். கல்லூரித் தேர்வில் தவறியவர், பட்டமில்லாதவர், பெயர் ஸ்ரீநிவாஸ ராமானுஜன். தலைமைக் கணக்கராயிருந்த நாராயண ஐயர் இவருடைய கணிதத் திறத்தை உணர்ந்து துரைக்கு உணர்த்தினார். குமாஸ்தா வேலை நேரத்தில் கணக்குப் போடுகிறார் என்று சினவாது, மேலதிகாரிகளுக்கு அவர் பொருட்டு எழுதியும் பேசியும் ஸ்பிரிங் உதவினார். 1913-இல் பல்கலைக்கழகம் மாதம் எழுபத்தைந்து ரூபாய் உபகாரச் சம்பளம் அளித்தது. மறுவருஷம், ராமானுஜன் கேம்பிரிட்ஜ் செல்லுதற்குப் பொருள் வேண்டியபோது, கவர்னரின் அந்தரங்கச் செயலருக்கு ஸ்பிரிங் எழுதினார், பொருளும் கிடைத்தது. 1914 மார்ச் 17-ஆம் நாள் ராமானுஜன் கப்பலேறியது ஸ்பிரிங் திருத்திய அத்துறைமுகத்திலேயே.

1919-இல் பதவி விட்ட ஸ்பிரிங் 1933-இல் காலமானார்.